அவள் வரைந்த ஒற்றைக் காது

மூன்று வருடங்களுக்கு முன்பு, செகந்திராபாத்தில் ஒரு சின்னக் கூடத்தில் நடந்த ஓவியக் கண்காட்சியில் நடந்தது இது. அன்று ஞாயிற்றுக்கிழமை.

நாங்கள் மதுரைப் பக்கம். வேலை நிமித்தம் ஹைதராபாத் வந்து ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருக்கிறோம். என் மனைவி ஒரு பள்ளியில் ஆசிரியை. அந்த வருடம் திடீரென்று சனிக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்திருந்தாள். 'கண்ணாடியில் தெரியும் முகத்தை வரைய வேண்டாம், மனதில் இருப்பதை முகமாக வரையுங்கள்' என்று சொல்லிக்கொடுத்தார்களாம். அந்த வகுப்பில் இருந்தவர்களின் படங்களைத்தான் கண்காட்சியாக வைத்திருந்தார்கள்.

அப்போது எங்களுக்குள் அடிக்கடி சண்டை. அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வாள். என்னை மதிக்கவில்லை என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். 'காது என்ன செவிடா?' என்று எத்தனை முறை கத்தியிருப்பேன், கணக்கே இல்லை.

அவள் படத்தில் ஒரு பெண்ணின் முகம், எலுமிச்சை மஞ்சளில். கழுத்து ஒரு பக்கமாகத் திருகியிருந்தது. ஒரு காது ஊதா நிறத்தில், முகத்தைவிடப் பெரிதாக. இன்னொரு காது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நீலப் பூச்சு. முகத்தைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாக ஏதேதோ தொங்கின.

"என்னம்மா இது, மஞ்சக்காமாலையா? ஒரு காதை வரையவே மறந்துட்ட. சுத்தி எதுக்கு இம்புட்டு மிளகாய்?" என்றேன்.

கூட வந்த அவளுடைய வகுப்புத் தோழிகள் சிரித்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி தாமதமாக அவளும் சிரித்தாள். பிறகு டீ வாங்கி வருவதாகச் சொல்லிப் போய்விட்டாள்.

அந்தப் படத்தின் முன் ஒரு அம்மா வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். ரயில்வே வேலைக்காக அந்தக் காலத்திலேயே செகந்திராபாத் வந்த தமிழ்க் குடும்பம் என்று பிறகு சொன்னார்; பேச்சில் ஹைதராபாத் உருது கலந்திருந்தது. யார் வரைந்தது என்று கேட்டார். என் மனைவி என்றேன்.

"அவங்களுக்கு எப்பலேருந்து ஒரு காது கேக்கல, சார்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வரைய மறந்துட்டா."

"நை சார், மறக்கல. இது மிளகாயும் இல்ல. எல்லாம் வாய். அந்தப் பொண்ணு கண்ணு எங்க பாக்குது பாருங்க."

அவர் தன் தலைமுடியை லேசாக ஒதுக்கிக் காட்டினார். காதில் கேட்கும் கருவி. "ஹவ் சார், ஆமா, நானும் ரெண்டு வருஷம் இப்படித்தான் எல்லார் வாயையும் பாத்துப் பாத்துப் பேசிட்டிருந்தேன். வீட்ல சொல்ல பயம்."

அப்போதுதான் படத்தை உண்மையாகப் பார்த்தேன். அத்தனையும் உதடுகள்தான். சில பேசின, சில சிரித்தன. எல்லாவற்றிலும் பெரிதாக, அகலத் திறந்திருந்த ஒரு வாய்க்கு மேலே மட்டும் மீசை இருந்தது.

அவளைத் தேடி வாசல் பக்கம் திரும்பினேன்.

இரண்டு கப் டீயோடு அவள் வந்தாள். நேராக அவள் முன்னால் போய் நின்று, "உனக்குக் காது கேக்கலையா?" என்றேன். அவள் கண்கள் என் உதட்டில் இருந்தன. எத்தனை நாளாக அங்கேயே இருந்தனவோ!

"வலது பக்கம் ஒண்ணுமே கேக்கலங்க. இடது பக்கமும் கொறஞ்சுக்கிட்டே வருது. பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா வேலைக்கு வர வேணாம்னுருவாங்களோன்னு பயம்."

"எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் தெனமும் செவிடா செவிடான்னு வையுறீங்களே. ஆமான்னு எப்படிங்க சொல்றது?"

அத்தனை பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் டீயைக் கையில் கொடுத்து, ஆறிடும், குடிங்க என்றாள். மறுநாளே அந்த அம்மா சொன்ன டாக்டரிடம் போனோம். வலது காதுக்குத் தாமதமாகிவிட்டது. இடது காதுக்குக் கருவி பொருத்தினார்கள். பள்ளியில் அவள் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. வகுப்பறையை மட்டும் சத்தமில்லாத பக்கமாக மாற்றிக்கொடுத்தார்கள்.

கண்காட்சியிலிருந்து அன்று பஸ்ஸில் திரும்பும்போது அவளுடைய இடது பக்கமாக உட்கார்ந்து கேட்டேன், அந்த மஞ்சள் என் மேல் கோபமா என்று. "கோவமில்லங்க, பயம்" என்றாள். அந்த ஊதாக் காது? "ரெண்டு காது வேலையையும் அது ஒண்ணே பாக்குதுல்ல, பாவம், வீங்கிப்போச்சு" என்று சொல்லி அவளே சிரித்தாள்.

இப்போது அவளிடமிருந்து பதில் வராவிட்டால் நான் குரலை உயர்த்துவதில்லை. எழுந்து அவள் பக்கத்தில் போகிறேன். அத்தனை நாளும் நான்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் பதில் சொல்வதில்லை என்று நினைத்திருந்தேன். அந்தப் படத்தில் அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, முன்பின் தெரியாத ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது.