வேட்புமனு நாளைச் சொல்ல வந்தவள்

சோலையம்மாளுக்கு மன்னிக்கத் தெரியாது. தெரியாது என்பதைவிட, அதில் அவளுக்கு இஷ்டமில்லை என்று சொல்லலாம். கமுதிக்குத் தெற்கே கீழப்பொட்டலில் கொஞ்சம் மிளகாய்க் காடு, ஒரு சோடி மாடு, வாயில் எந்நேரமும் வெத்தலை. புருசன் மலையாண்டி சாது. சண்டை என்று வந்தால் மாட்டைப் பிடித்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விடுவான். அதனால் குடும்பத்துக்கும் சேர்த்து இவள்தான் சண்டை போட வேண்டியிருந்தது, இவளும் குறை வைக்கவில்லை.

அந்த ஊரில் மானாவாரி விவசாயிகள் நலச் சங்கம் என்று ஒன்று இருந்தது. முறைப்படி பதிவு செய்த சங்கம். மதுரைத் தொண்டு நிறுவனம் ஒன்று உதவி செய்து, மிளகாய் காயப்போட ஒரு சிமிண்டுக் களமும், மழை வந்தால் அள்ளிப் போட ஒரு கொட்டகையும் கட்டிக் கொடுத்திருந்தது. இன்றைக்குக் களம் யாருக்கு என்று சொல்ல வேண்டியவர் தலைவர். தலைவர் ராக்கப்பன். சங்கம் பிறந்த நாளிலிருந்து அவரேதான். மச்சு வீடு, சலவை வேட்டி, அதிர்ந்து பேசாத வாய். அவருடைய பங்காளிகள் மிளகாய் களத்தில் காயும், மற்றவர்கள் மிளகாய் தார் ரோட்டில் காயும். எந்த ஊர் நியாயம் இது? கேட்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

1991 பங்குனியில் திடீரென்று ஒரு மழை. சோலையம்மாளின் அந்த வருசத்துப் பாடு மொத்தமும் ரோட்டில் நனைந்து, வெளுத்து, விலை போகாத சண்டாகிப் போனது. சண்டு வத்தலைப் பார்த்தாலே சந்தையில் யாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வான். அன்றைக்குக் களத்தில் பாதி இடம் சும்மா கிடந்தது. ஈரச் சேலையோடு நேரே ராக்கப்பன் வீட்டுக்குப் போனாள்.

"அம்புட்டு அக்கறை இருந்தா, தேர்தல்ல நின்னு செயிச்சு வா ஆத்தா. பெறகு களத்தைப் பத்திப் பேசுவோம்" என்றார் அவர்.

"நிக்கிறேன். மனுக் குடுக்குற நாளை மட்டும் சொல்லிவிடுங்கண்ணே."

"சொல்லாமயா இருப்போம்" என்றார்.

சிவராத்திரிக்கு அந்தச் சீமையில் மாசிக் களரி. ஊரே காலியாகும். அவரவர் குலதெய்வம் எந்தக் காட்டில் இருக்கிறதோ அங்கே பொங்கப் பானையும் பிள்ளைகுட்டியுமாக லாரி பிடித்துப் போய்விடுவார்கள். சோலையம்மாள் வகையறாவுக்குச் சாமி சாயல்குடிக்கு அந்தப் பக்கம். ராக்கப்பன் வகையறாவுக்கு மட்டும் சாமி கீழப்பொட்டல் எல்லையிலேயே இருந்தது. ஊர் காலியானாலும் அவர்கள் ஊரில்தான் இருப்பார்கள். அடுத்த மாசியில் சிவராத்திரி அன்று காலையில் அறிவிப்பை ஒட்டி, மத்தியானத்தோடு மனு வாங்குவதை முடித்துவிட்டார் மனுசன். களரி நாளில் சாமியைத் தவிர வேறு காரியம் பார்க்கிறவன் ஒருத்தன் இருப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு மட்டுமா, எவருக்குமே தோன்றவில்லை.

அவள் திரும்பி வந்து சங்கக் கட்டடத்துக்குப் போனபோது, ராக்கப்பன் போட்டியின்றித் தேர்வாகி மாலையும் போட்டாகிவிட்டது. நெற்றித் திருநீறு கலையாமல் வாசலில் நின்றாள்.

"சாமியும் வேணும், சங்கமும் வேணும்னா எப்பிடி ஆத்தா?" என்றார் ராக்கப்பன். பங்காளிகள் சிரித்தார்கள். மாலையைக் கழற்றாமல் அவரும் சிரித்தார்.

அவள் வெளியே வந்து, கூட வந்த பக்கத்து வீட்டு உலகம்மாளிடம் சொன்னாள்: "இந்தாளு மூஞ்சி சுருங்குறதை ஊருக்கு நடுவுல வச்சு நான் பாக்கணும்டி. அது வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது." சோறெல்லாம் நன்றாகத்தான் இறங்கியது. ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு மதுரை நிறுவனத்திலிருந்து மஜீதா என்கிற அதிகாரி வந்திருந்தார். ராக்கப்பன் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, சங்கத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சோலையம்மாள் எழுந்தாள். குரலில் தேன் ஒழுகியது.

"நம்ம தலைவரு ஒளிவுமறைவு இல்லாதவரு. அதை ஊரறியச் செய்யணும். இனிமே மனுக் குடுக்குற நாளை ஒரு மாசத்துக்கு முன்னாடியே வீட்டு வீட்டுக்குச் சொல்லணும். திருவிழா நாளா இருக்கக் கூடாது. மூடுன கதவுக்குள்ள வேணாம். களத்துல, பட்டப்பகல்ல, முன்மொழியிறவுகளும் வழிமொழியிறவுகளும் எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சு நின்னு சொல்லணும்."

"நல்ல யோசனையா இருக்கே தலைவரே" என்றார் மஜீதா.

என்ன செய்வார்? தலையை ஆட்டினார். என் முன்னால் எழுந்து நிற்க எவனுக்குத் தைரியம் வரும் என்ற நினைப்பும் அவருக்கு இருந்தது. தீர்மானம் நிறைவேறியது.

1995 தேர்தல் வந்தது. களத்தில் மிளகாயை ஒதுக்கிவிட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. தேர்தல் நடத்த வந்திருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தங்கசாமி. முதலில் பால்சாமி எழுந்து சோலையம்மாள் பேரைச் சொன்னான். அவனும் ரோட்டில் வத்தலை நனைய விட்டவன்தான். உலகம்மாள் வழிமொழிந்தாள். அப்புறம் ராக்கப்பன் பேரை அவருடைய பங்காளி மூக்கையா சொன்னான், சொன்ன கையோடு உட்கார்ந்துவிட்டான்.

"வழிமொழியிறது யாரு?" என்றார் தங்கசாமி.

ஒருத்தரும் எழவில்லை. மூடிய அறைக்குள் கை தூக்குவது வேறு. களத்தில் ரோட்டு வத்தல்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க எழுவது வேறு. ஒரு பங்காளி செருப்பைத் தேடினான். ராக்கப்பனின் மைத்துனர் வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று யாரையோ கேட்டார். ராக்கப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கும் வயசாகுது. நானே ஒதுங்கிக்கலாம்னுதான் இருந்தேன். புதுசா வாரவுக பாக்கட்டும்."

அழகாகக் கழன்றுகொள்ளப் பார்த்தார். மரியாதையோடு வீட்டுக்குப் போய்விட்டால், நாளைக்கே விட்டுக்கொடுத்த தியாகி ஆகிவிடுவார். சோலையம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணனை நான் வழிமொழியிறேன்."

எதிர்த்து நிற்கிறவள் வழிமொழியலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது என்று விதியில் இல்லை என்றார் தங்கசாமி. உலகம்மாள் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "அதான் போறாகள்ல. விடேன்த்தா" என்று கிசுகிசுத்தாள்.

"போக விடமாட்டேன்" என்றாள் சோலையம்மாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "நில்லுங்கண்ணே. என்ன பயம்?"

பயம் என்ற சொல் விழுந்த பிறகு அவரால் நிற்காமல் இருக்க முடியவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு சீட்டையும் பிரித்துச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். சோலையம்மாள், சோலையம்மாள், சோலையம்மாள் என்று படித்துக்கொண்டே போனார் தங்கசாமி. எப்போதாவது ஒருமுறை ராக்கப்பன் பேர் வந்தது, அப்போது அவர் நிமிர்வதும் மறுபடி குனிவதுமாக இருந்தார். அவள் சீட்டுகளைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சு குளிர்ந்தது. கொஞ்சங்கூட வெட்கப்படாமல் அதை அனுபவித்தாள்.

அதோடு விட்டாளா? தலைவியான பிறகு களத்துக்கு முறை வைத்தாள். ராக்கப்பன் வத்தலுக்கும் தவறாமல் முறை வந்தது, யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு மாசத்துக்கு முன்னால், ஊரில் எந்த வீட்டுக்கும் போகுமுன்பு அவர் வீட்டுக்குத்தான் போவாள். வேறு ஆளை அனுப்ப மாட்டாள். தெருவில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்க, நாளையும் நேரத்தையும் இடத்தையும் படிப்பாள். "உங்களுக்கும் உரிமை இருக்குண்ணே, வந்து நில்லுங்க" என்று முடிப்பாள். அவர் ஒருமுறையும் வரவில்லை. அவள் ஒருமுறையும் போகாமல் இருந்ததில்லை.

2007இல் அவள் போனபோது மருமகள் சேதுலட்சுமி வாசலிலேயே மறித்தாள்.

"மாமாவுக்கு முடியலைம்மா. படுத்த படுக்கையா இருக்காக. இந்த ஒரு தடவை விட்டுருங்க."

"உறுப்பினர்னா சொல்லணும் தாயி. சொல்லலைன்னா நாளைக்கு நியாயம் கேப்பாகள்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ராக்கப்பன் கட்டிலில் எலும்பாகக் கிடந்தார். அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தாள். நாள், நேரம், இடம். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

சோலையம்மாள் எழுந்தாள். ஸ்டூலைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கொண்டுபோய்ப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.