சிவப்பு வண்டியில் மஞ்சள் அம்புகள்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், காத்துக் கருப்பு என்று எங்கள் செக்கிங் டேபிளில் யாராவது ஆரம்பித்தால் முதலில் வாயை அடைக்கிறவள் நான்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவேன், அதுவும் துணியைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தையும் பார்த்த பிறகுதான். அப்படிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் வண்டி எங்கள் போர்ட்டிகோவில் நிற்கிறது, வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பவர். கேட்ட நிறத்துக்குத் துணி வந்திருக்கிறதா என்று பார்த்து ஓகே சொல்கிற வேலை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, தரையை ஒட்டிக்கொண்டு போகும், வேகத்தடை வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். முதலிபாளையத்தில் ஒரு கம்பெனிக்காரர் வேப்பமரத்தடியில் போட்டு வைத்திருந்ததை வாங்கி வந்து, இன்ஜினை எல்லாம் சரிசெய்து ஓட்டிக்கொண்டிருந்தார். மேலே இருந்த கீறல், பெயின்ட் உதிர்ந்த இடம், இதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அதற்குள் ஸ்ட்ரோக் வந்துவிட்டது.

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு காலுக்குக் கொஞ்சம் தெம்பு திரும்பியது, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் போவார், அத்தோடு சரி. "இப்ப நடந்தாத்தானுங்க உண்டு, விட்டுட்டா அப்பறம் கட்டில்தான்" என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷேடு பார்க்கிற மனுஷன், நாளெல்லாம் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் அந்த வண்டியை வைத்தே ஆளை எழுப்பலாம் என்று தோன்றியது. செக்கிங்கில் பழுது இருக்கிற இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். சரிசெய்கிறவர் அந்த ஸ்டிக்கரை எடுக்கக் கூடாது. இன்னொருவர் வந்து பார்த்து, சரி என்று பட்டால் அவர்தான் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் பாஸ். நான் வண்டியைக் கழுவி, ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு மஞ்சள் அம்பு ஒட்டினேன். ஒட்டி முடித்துப் பார்த்தால் வண்டிக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது. எல்லாவற்றையும் நானே சரிசெய்து, பாஸ் செய்ய இவரைக் கூப்பிடுவது என்று திட்டம். படுக்கையறை ஜன்னலிலிருந்து வண்டியின் ஒரு பக்கம் தெரியும், அதனால் பார்க்காமல் இருக்க முடியாது.

பெயின்ட் கடை யூசுப் பாயிடம் பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன், அதைப் பார்த்து அதே சிவப்பில் பெயின்ட் கலந்து கொடுத்தார். "அக்கா, வெயில்ல ஒருக்கா வச்சுப் பாத்துக்கங்க" என்றார். "செக்கிங்ல இருக்கறவளுக்கே சொல்லித் தர்றீங்ளா பாய்?" என்று கேட்டுவிட்டு, கடை டியூப்லைட்டுக்குக் கீழேயே வைத்துப் பார்த்து, அச்சு அசலாக இருக்கிறது என்று வாங்கி வந்துவிட்டேன். நாங்கள் நாள் முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழேயே பார்த்துப் பழகியவர்கள், கார் வெயிலில் ஓடுகிற சாமான் என்பது புத்தியில் உறைக்கவில்லை.

லேசான கீறல்களைப் பாலிஷ் செய்கிற காம்பவுண்ட் பசை போட்டு, பனியன் வேஸ்ட்டால் தேய்த்து எடுத்தேன். பெயின்ட் உதிர்ந்த இடங்களில் சின்ன பிரஷ்ஷால் தொட்டு வைத்தேன். முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, வந்து பாஸ் பண்ணுங்க."

"நீயே பாத்துக்க கண்ணு. எனக்கெதுக்கு அதெல்லாம்."

அழுகையாக வந்தது, போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் கோலம் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். காம்பவுண்ட் போட்டுத் தேய்த்த இடங்களில் ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை. பெயின்ட் தொட்ட இடங்களில் மட்டும் எல்லாம் அப்படியே இருந்தன. வெயில் ஏறிய பிறகு பார்த்தால், அந்த இடமெல்லாம் சிவப்பு இல்லை, காவி! இதைக் கண்டுபிடிக்க ஷேடு தெரிந்த ஆள் வேண்டும், எங்கள் வீட்டில் அப்படி இருப்பது ஒரே ஆள். வாசல் கதவின் மேல் தாழ்ப்பாள் இறுக்கமானது, ஒரு கையால் கதவை அழுத்தி மறு கையால் இழுக்க வேண்டும், எப்படியோ தோளைக் கொடுத்துத் திறந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார் என்று வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குக் கம்பெனியில் நான் யாரையும் திட்டவில்லை, பொண்ணுங்க எல்லாம் என்னையே ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அடுத்த சில நாட்கள் காவியைத் தேய்த்து எடுப்பதிலேயே போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெயின்ட் டப்பாவை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் இவர்! சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து நிற்கிறார், வேர்த்துக் கொட்டுகிறது.

"கருப்பு ஒரு பொட்டு சேரு. ஒரு பொட்டுதான், கவுத்தறாத" என்றார்.

ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய கருப்பைத் தீக்குச்சி முனையில் தொட்டெடுத்தேன். சேர்த்தேன். வெயிலில் காட்டினேன். தலையை ஆட்டினார். அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், நான் பெயின்ட் தொடுவேன், அவர் குறை சொல்வார். ஸ்டிக்கர்கள் ஒவ்வொரு காலையிலும் ஒன்றிரண்டு குறைந்துகொண்டே வந்தன. தினமும் என் கண்ணில் படாமல் எடுக்கிறாரே, கள்ளன் என்று எனக்குள் ஒரே சிரிப்பு.

கடைசியாகப் பானெட்டில் ஒரு இடம் மட்டும் பாக்கி. அதை நான் தொடுவேன் என்றார் அவர். வலது கையால். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷை வைத்தார். கை உதறியது. சொட்டு கோணலாக விழுந்து, மொச்சைக்கொட்டை மாதிரி திரண்டுகொண்டது. என் டேபிளுக்கு வந்திருந்தால் அந்த நிமிடமே திருப்பி அனுப்பியிருப்பேன். அவர் முகம் செத்துவிட்டது, உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான், பட்ட பாடெல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அந்த ஸ்டிக்கர் இல்லை. மொச்சைக்கொட்டை அப்படியே இருக்கிறது, அம்பு மட்டும் இல்லை. தன் வேலையைத் தானே பாஸ் பண்ணிக்கொண்ட கள்ளனை விடக் கூடாது என்று, ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டினேன். குனிந்து அதைப் பார்த்தார். தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், கல்யாணத்தில்கூட அப்படிச் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் தானாகவே கைப்பயிற்சிக்கு டாக்டர் தந்த ரப்பர் பந்தைக் கேட்டு வாங்கி வலது கையால் அமுக்க ஆரம்பித்தார். பிறகு நடை, பிறகு படி. டாக்டரே ஆச்சரியப்பட்டுப் போனார்.

டாக்டர் சரி என்ற பிறகு முதல் முறையாக வண்டியை எடுத்தோம். அவர்தான் ஓட்டினார். தாராபுரம்வரை போய், ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, பெஞ்சில் உட்கார்ந்தோம். வண்டி எதிரிலேயே நின்றது, சாவி அவர் பாக்கெட்டில்.

"அந்த மொச்சக்கொட்டையவே நீ பாஸ் பண்ணுனே பாரு சாந்தி, அன்னைக்குத்தான் எனக்கு எந்திரிச்சர்லாம்னு தோணுச்சு" என்றார்.

"நானெங்கீங்க பண்ணுனேன்? நீங்கதான ஸ்டிக்கரெல்லாம் எடுத்தீங்க!"

"நானா? அந்த மேல் தாழ்ப்பாள ஒத்தக் கையில எப்படித் தொறக்கறது? நீ எடுக்கறேன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். காவியக் கண்டுபுடிச்சுட்டயேன்னு பெருமையாக்கூட இருந்துச்சு."

டீ ஆறிப்போனது. விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன், இல்லை, அவர் கையில் மயிர் குத்திட்டு நின்றது. வீட்டில் எங்களைத் தவிர யாரும் கிடையாது.

எழுந்து போய் வண்டியைத் திறந்தோம். நான் உட்காருகிற பக்கம், டேஷ்போர்டில், ஒரு மஞ்சள் அம்பு. வரும்போது சத்தியமாக அது அங்கே இல்லை, முழங்கையை அங்கேதான் ஊன்றிக்கொண்டு வந்தேன். அம்பின் முனை என் சீட்டைப் பார்த்து இருந்தது.

நான் பயந்து பின்னால் நகர்ந்தேன். அவர் பயப்படவில்லை. அம்பைப் பார்த்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஷேடு பார்க்கிற அதே பார்வை. "எப்படி எளச்சுப் போயிட்டே சாந்தி. கண்ணச் சுத்திக் கருப்பு. என்னயவே பாத்துட்டு உன்னய ஒருத்தரும் பாக்கவே இல்லியே" என்றார். நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன். அத்தனை மாதமும் எனக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அவரே டாக்டரிடம் கூட்டிப்போனார். ரத்தம் குறைவு, தூக்கம் இல்லை, வேறொன்றும் பயமில்லை என்றார்கள். மாத்திரை சாப்பிட்டேன், லீவு போட்டேன், அவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்தில் தூங்கினேன். இப்போது ஒரு குறையும் இல்லை, ரத்தம் ஏறிவிட்டது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அந்த அம்பை நான் எடுக்கவில்லை. சரிசெய்துகொண்டவள் எடுக்கக் கூடாது அல்லவா? அவரும் தொடுவதில்லை. தினமும் காலையில் கோலப்பொடி டப்பாவோடு போய் முதலில் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறேன். அந்த ஸ்டிக்கர் பசை வெயிலில் மாதக்கணக்கில் தாங்காது, இதன் ஓரம்கூடக் கிளம்பவில்லை. டாக்டர் சரி என்கிறார், இவர் சரி என்கிறார். என்னை இன்னும் பாஸ் செய்யாமல் வைத்திருப்பது யார் என்றுதான் தெரியவில்லை.