மரக்காணம் கடலில் எனக்குத் தெரியாத படகுகள்

இன்று காலை மரக்காணம் கடற்கரையில் உட்கார்ந்து வரைந்த படம் இது. (சுமார்தான், தெரியும்.)

திண்டிவனத்தில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. ஆறு மாதமாக ஆன்லைனில் வாட்டர் கலர் வகுப்பு.

பாடம், காலை நேரத்துக் கடலும் அதன் மெல்லிய வெளிச்சமும்.

மற்றவர்களுக்குக் கடலும் வானமும் சேருமிடம் ஸ்கேல் வைத்து இழுத்தது போல வந்தது. எனக்கு மட்டும் பஞ்சு போலக் கரைந்து வந்தது.

"அக்கா, இந்த சாஃப்ட்னெஸ் எல்லாருக்கும் வராது" என்பார் டீச்சர்.

மூன்று மாதம் முன்பு, நேரில் பார்த்தே வரையலாம் என்று கணவரோடு பைக்கில் மரக்காணம் போனேன். வரைந்துகொண்டிருந்தபோது அவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, படகையே காணோம்?"

"எந்தப் படகுங்க?"

"எதிர்லயே நாலு நிக்குது பாரு."

"பனியா கீதே, எங்க தெரியுது?"

"பனியா? மணி ஒம்போது ஆவுது."

அவர் கொஞ்சம் தள்ளிப் போய்க் கையைத் தூக்கினார்.

"எத்தினி வெரலு?"

"மூணு."

திரும்பி வந்து என் பிரஷ்களைப் பையில் எடுத்து வைத்தார். ஐந்து விரலையும் காட்டினாராம். பிறகுதான் சொன்னார்.

விழுப்புரத்தில் கண் டாக்டர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை.

"முத்திப்போச்சும்மா. இவ்ளோ நாளு கவனிக்கவே இல்லியா?"

"நல்லா வரையறேன்னு சொன்னாங்க சார்."

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஆபரேஷனைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாள் பாராட்டு வாங்கியது நானா, புரையா?

கணவரிடம் கேட்டேன்.

"படத்தப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? மொதல்ல கண்ணு வரட்டும்" என்றார்.

இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து, இன்று விடியும்போதே மறுபடி போனோம். கரையில் நின்ற படகில் எழுதியிருந்த பெயரைப் படித்தேன். நண்டு ஓடுவதைப் பார்த்தேன். ஆனால் தூரத்தில் கடல் முடியும் இடம் மட்டும் தெளியவில்லை. கணவரைக் கூப்பிட்டேன்.

"ஏங்க, அங்க மங்கலா கீதா, இல்ல எனக்கு மட்டுந்தானா?"

"மங்கலாதாம்மா கீது. எனக்கும் அப்டிதான்."

கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வரைந்தேன். கோடு தடியாக, முரட்டுத்தனமாக வந்தது. மூன்று தாள் வீண். நாலாவதை டீச்சருக்கு அனுப்பினேன்.

"அக்கா, பேப்பர காய விட்டுட்டீங்க. ஈரம் இருக்கும்போதே வானத்த கீழ இழுத்து கடல்ல விடணும். பழகினா வந்துடும்."

ஆறு மாதத்தில் அவர் எனக்குத் திருத்தம் சொன்னது இதுதான் முதல் முறை. இரண்டு தடவை படித்தேன்.

வெளியில் உட்கார்ந்து வரைபவர்கள் யாராவது சொல்லுங்கள். கடற்காற்றில் தாள் காயாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?