கை கட்டி நின்றவருக்கு அரிசி அட்டை

என் வீட்டுக்காரர் பெயரை நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் சொல்லாதவள் இப்போது மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? மூத்த மகன் சந்திரன். சந்திரன் அப்பா என்றால் மலாயாவில் தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் எல்லாருக்கும் தெரியும்.

ஜப்பான்காரர் வருவதற்கு முந்தின வருஷம், ரப்பரைத் தகடாக உருட்டும் மெஷினில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின. அதை வைத்து மரம் சீவ முடியுமா? ஆனால் அந்த இரண்டு விரலால் நண்டு மாதிரி என் மூக்கைப் பிடித்து இழுப்பார்.

ஜப்பான்காரர் காலத்தில் எங்கள் தோட்டத்தில் மரம் சீவுகிறவருக்கு முழு அரிசி. ஊனம் என்று ஆபீசில் முத்திரை குத்தி அட்டை வாங்கியவருக்கும் முழு அரிசி. மற்றவருக்கு மரவள்ளிக்கிழங்குதான். போனவர் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கும்போதும் முதலில் அந்த மற்றவர் பெயரைத்தான் எழுதுவார்கள்.

அட்டை கேட்கப் போனவர் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பினார். குறை ஒன்றும் இல்லை என்று ஜப்பான் அதிகாரி எழுதிவிட்டாராம்.

"கையப் பாத்தாரா?"

"எங்க புள்ள பாத்தாரு?"

"நீங்க எப்படி நின்னீங்க?"

நின்று காட்டினார். வெள்ளைக்காரத் துரை முன்னால் காலமெல்லாம் நின்ற அதே நிற்பு. இரண்டு கையையும் மார்பில் கட்டி, விரல்களை அக்குளுக்குள் செருகி. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சயாமை நினைத்தேன், அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

இரண்டு நாள் வீட்டில் நான்தான் அதிகாரி. உரல்மேல் உட்கார்ந்து, கரியால் மீசை போட்டுக்கொண்டு அதட்டினேன். பக்கத்து வீட்டு ராக்கம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவரும் அழகாகக் கையை நீட்டினார். ஆனால் மூன்றாம் நாள் இருவரும் போனபோது, ஆபீஸ் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் கை தானாக உள்ளே போய்விட்டது.

ஆபீசில் எழுத்து வேலையும் அதிகாரிக்கு மொழிபெயர்ப்பும் பார்த்த கிராணி இராஜமாணிக்கம் போன மாதம்தான் சிரம்பானிலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்களைப் படியேற விடவில்லை.

"ஒரு தரம் இல்லன்னு எழுதியாச்சும்மா. திரும்பக் கேட்டா எனக்குத்தான் அறை விழும்."

"நாங்க ஒண்ணும் கேக்கலங்க. காலையில கசரத்துக்கு நிக்கிறோம். அதுக்குமா அறைவாரு?"

வேலைக்குப் போகும் முன் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, கையைத் தூக்கி இறக்கச் சொல்லி எண்ணுவார்கள்; அந்த உடற்பயிற்சிதான் கசரத்து. வேலையில்லாதவர் அங்கே போவதில்லை. மறுநாள் நாங்கள் போய் முன்வரிசையில் நின்றோம். இச்சி, நி, சான் என்று ஜப்பான் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று அதிகாரி எண்ண, எல்லாக் கையும் மேலே போனது. என் வீட்டுக்காரர் கையும் போனது. கட்டளை ஆயிற்றே!

சானோடு எண்ணிக்கை நின்றது. அதிகாரி இறங்கி வந்தார். அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிராணிக்குச் சட்டை நனைந்துவிட்டது. அன்றைக்கே ஏன் காட்டவில்லை என்று அதிகாரி கிராணியைக் கேட்கச் சொன்னார்.

"பெரியவங்க முன்னால கைய நீட்டலாமுங்களா?" என்றார் இவர்.

கிராணி அதை எப்படி மாற்றிச் சொன்னாரோ, அதிகாரி மூக்கால் சிரித்தார். உள்ளே போய் அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

உலை வைக்க நான் முன்னால் வந்துவிட்டேன்; அவர் வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கேட்டேன். வழியில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரைப் பார்த்தாராம், மரியாதையாகக் கை கட்டினாராம். அட்டை அக்குளுக்குள் இருந்தது. வேர்வையில் முத்திரை கரைந்து, நீலக் கறைதான் மிச்சம்.

திரும்பவும் ஆபீசுக்கு நடந்தேன். என்னைத் தூரத்தில் கண்டதுமே கிராணி புது அட்டையை எடுத்துக்கொண்டு முத்திரை வாங்க உள்ளே ஓடினார். இந்தத் தடவை அதை நான்தான் மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.