புதன்கிழமைப் பெயர்

பூர்ணதன் ராய் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர். லாக்பா ஷெர்பா என்பது காட்மாண்டுவில் மலைநடைக் கம்பெனி நடத்திய துங்கானா வைத்த பெயர். கிழக்கே மலையூரான போஜ்பூரிலிருந்து சுமைதூக்க வந்த பூர்ணதன், சில வருடங்களில் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு வழிகாட்டி வேலை கேட்டுப் போய் நின்றார். துங்கானா ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆளு நல்லாத்தான் இருக்க. ஆனா ராய்னு சொன்னா எந்த வெள்ளைக்காரன்யா உன் பின்னால வருவான்? அவனுக்கு ஷெர்பா வேணும். இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன், சார்."

"அப்ப நீ லாக்பா. போ, போய் நல்லதா ஒரு ஷூ வாங்கு."

மலையேற்றத்துக்குப் பேர்போன ஷெர்பாக்கள், ராய் இனத்தார் போலில்லாமல், பிள்ளை பிறந்த கிழமையையே பெயராக வைப்பார்கள்; லாக்பா என்றால் புதன். பூர்ணதன் என்ன கிழமை பிறந்தார் என்று அவர் அம்மாவுக்கே தெரியாது.

அன்றிலிருந்து எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் பாதையில் அவர் லாக்பாதான். சுமைதூக்கிகள், விடுதிக்காரர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். வழியில் நாம்சேயில் விடுதி நடத்தும் பேமா அசல் ஷெர்பா. பூர்ணதனைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவாள். "வாங்க புதன்கிழமை! நம்ம பாஷையில ரெண்டு வார்த்த பேசுங்க, காது குளிரக் கேக்கறேன்." சமையலறையே சிரிக்கும். அவரும் சிரிப்பார். சிரிக்காமல் வேறென்ன செய்வது? ஊரில் ஒரு குடும்பமே அந்தப் பெயரில்தான் சோறு தின்றது.

பெயரோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அதே பாதையில் துக்லா ஏற்றத்தின் உச்சியில், மலையில் செத்துப்போனவர்களுக்காகக் கல் அடுக்கிக் கட்டிய நினைவு மேடைகள் நிற்கின்றன. ஒரு தடவை யாரோ ஒரு வெள்ளைக்காரர், "உங்க சொந்தக்காரங்க யாராவது இதுல உண்டா?" என்று கேட்டுத் தொலைத்தார். இவர் வாய் சும்மா இருந்ததா? ஏதோ ஒரு மேடையைக் காட்டி, "எங்கப்பா" என்றார். கேட்டவர் அழுதார், கூட வந்தவர்களும் அழுதார்கள். அடுத்த கூட்டத்துக்கும் அதையே சொன்னார். போகப்போகப் பழகிவிட்டது. தேவையான இடத்தில் கண்ணீர் தானாக வந்தது.

நிஜ அப்பா காமாலை வந்து போஜ்பூரில் செத்தபோது இவர் ஒரு கூட்டத்தோடு மேலே இருந்தார். நடுவழியில் விட்டுவிட்டு வந்தால் இனி இந்தப் பக்கமே தலைகாட்டாதே என்று துங்கானா சொல்லிவிட்டார். தம்பிதான் குழியில் மண் தள்ளினான். அப்போது சின்னப் பெண்ணாக இருந்த மகள் சுனிமா, "அப்பா வந்துருவாரு, கொஞ்சம் பொறுங்க" என்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்தாளாம். யார் பொறுப்பார்கள்?

அந்தச் சுனிமா வளர்ந்து, வழிகாட்டித் தேர்வில் தேறினாள். அவளைக் கம்பெனியில் சேர்க்கச் சொல்லி பூர்ணதன் கெஞ்சினார். ஆனால் அவள் சொந்தப் பெயரில்தான் நடப்பாள் என்பதில் மட்டும் பிடிவாதமாக நின்றார்.

"சரிய்யா, அவ ராயாவே இருக்கட்டும்," என்றார் துங்கானா. "ஆனா வெள்ளைக்காரங்க முன்னால உன்னை அப்பான்னு கூப்பிடக் கூடாது. ராய் பொண்ணுக்கு ஷெர்பா எப்படிய்யா அப்பனாவான்?"

ஆக, பெற்ற மகள் தன் முதல் பயணத்தில் அப்பனை "லாக்பா அண்ணே" என்று கூப்பிட்டாள்.

துக்லா ஏறுவதற்கு முந்தின சாயங்காலம், விடுதிக்குப் பின்னால் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் வந்தாள்.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பேரு எக்கேடோ கெட்டுப் போகட்டும், அண்ணன்னு கூப்பிட்டும் தொலைக்கிறேன். நாளைக்கு மேல அந்தக் கதைய மட்டும் சொல்லாதீங்க. தாத்தா செத்து அத்தனை நாள் கழிச்சு வந்தீங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. யாரோ ஒருத்தருக்காக நீங்க அழறத என்னால பாக்க முடியாதுப்பா."

"சொல்ல மாட்டேன்டி கண்ணு. சத்தியமா."

மனதாரத்தான் சத்தியம் செய்தார். மகளிடம் மிச்சமிருந்த மரியாதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் உச்சியில் எல்லாரும் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். கூட்டத்தில் மார்கிட் என்று ஒரு ஜெர்மன்காரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. பையிலிருந்து வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றைப் பத்திரமாக எடுத்தாள்.

"லாக்பா, என் தங்கச்சி முன்னால ஒரு தடவை உங்களோட வந்திருக்கா. உங்க அப்பா கதைய அவதான் சொன்னா. அவருக்குப் போடத்தான் இத வாங்கிட்டு வந்தேன். எது அவரோடது?"

எல்லாரும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். பூர்ணதன் மகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கதை பொய்யென்றால் பெயரும் பொய், பெயர் பொய்யென்றால் பிழைப்பும் போச்சு. பாழாய்ப்போன கை தானாக ஒரு மேடையை நோக்கி நீண்டது. கண்ணீரும் வந்தது. இந்தத் தடவை நிஜமாகவே வந்தது. ஆனால் யார் நம்புவார்கள்?

மார்கிட் துண்டைக் கட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுனிமாவிடம் திரும்பினாள். "உனக்கும் இங்க யாராவது இருக்காங்களாம்மா?"

"இருக்காரு," என்றாள் சுனிமா.

எழுத்தெல்லாம் அழிந்துபோன ஒரு மேடைக்கு நேராக நடந்தாள். கழுத்திலிருந்த கம்பளித் துண்டை அவிழ்த்து அந்தக் கல்லில் சுற்றினாள்.

"எங்கப்பா. பேரு பூர்ணதன் ராய், ஊரு போஜ்பூர். மலைக்கு வேலைக்கு வந்தாரு. திரும்பி வரவே இல்ல."

மார்கிட் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஏதோ நினைத்தவளாக அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க ரொம்ப வருஷமா இங்க இருக்கீங்களே லாக்பா, உங்களுக்கு அவரத் தெரியுமா?"

எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். சுனிமா மட்டும் பார்க்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கியிருந்தாள்.

"தெரியும்," என்றார் பூர்ணதன். "நல்ல மனுஷன்."

மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களே, அதனால் அந்தக் கல்லுக்கு முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நின்றார்.