வலது கை அத்தைக்கு, இடது கை மாமாவுக்கு

அம்மா இருந்தாள். அப்பா இருந்தார். அப்பாவின் தங்கை, என் அத்தை இருந்தாள். அம்மாவின் அண்ணன், என் மாமா இருந்தார். வாசலுக்கு வெளியே, உள்ளே வராமல், கங்காணி நின்றார். நடுவில் நான், இரண்டு கையையும் நீட்டியபடி.

கண்டிச் சீமையில், புசல்லாவைக்கு மேலே காப்பித் தோட்டம். பழம் சிவக்கத் தொடங்கிய சமயம். என் விரல்களில் மரு. முதலில் ஒன்றுதான் வந்தது, கூட்டமாகிவிட்டது. காப்பிப் பழத்தைத் திருகினால் மருவில் ரத்தம் வரும்.

கங்காணி எட்ட நின்றே பார்த்தார்.

"இது பெருவியாதியா இருந்தா தொரை நம்ம ஆளுக அம்புட்டுப் பேரையும் தொரத்திப்புடுவாரு. பறிப்புக்குள்ள கை சுத்தமாகணும். இல்லன்னா புள்ளைய இங்க வச்சிருக்க முடியாது."

"வெறும் மருதாங்க," என்றார் அப்பா.

"போனா மரு. போகலைன்னா?"

கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அத்தையிடம் மருந்து இருந்தது, சுண்ணாம்பும் சலவைக்காரமும் குழைத்தது. மாமாவிடமும் இருந்தது, கண்டிக் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் கடைக்கார நானாவிடம் வாங்கிய கஜு ஓட்டு எண்ணெய், முந்திரிக்கொட்டை ஓட்டில் எடுத்தது.

"அந்த எண்ணெய் தோலையே உரிச்சிரும்," என்றாள் அத்தை.

"ஒங்க சுண்ணாம்ப வெத்தலைல தடவுங்க. வாயாவது செவக்கும்," என்றார் மாமா.

அப்பாவால் தங்கையையும் பகைக்க முடியாது, மச்சானையும் பகைக்க முடியாது. வலது கை அத்தைக்கு, இடது கை மாமாவுக்கு என்று பிரித்துக் கொடுத்தார். என்னைக் கேட்கவில்லை.

வலது கை எரிந்தது. இடது கை கொப்பளித்தது. இரண்டு கட்சிக்கும் அது நல்ல அடையாளமாம். மருந்து போடுமுன் மருவை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். அது அம்மாவின் வேலை. என் விரலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தேங்காய்நாரால் தேய்ப்பாள்.

"எலையாச்சும் வச்சுப் புடிங்க, அண்ணி. ஒங்களுக்கும் ஒட்டிக்கும்," என்றாள் அத்தை.

"எலை வழுக்குது," என்றாள் அம்மா.

மரு கறுத்தது. காய்ந்தது. உதிர்ந்தது. எந்தக் கை முந்தியது என்று சண்டை போட்டு அத்தையும் மாமாவும் பேச்சை விட்டார்கள். என் காலிலும் ஒரு மரு இருந்தது. அதற்கு யாரும் எதுவும் போடவில்லை. அதுவும் போயிற்று. யாரும் கவனிக்கவில்லை.

பறிப்புத் தொடங்கிய காலை, ஆள்கள் கூடும் இடத்தில் கங்காணி என்னை அழைத்தார்.

"கையக் காட்டு. திருப்பு."

திருப்பினேன். விரலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அன்றுதான் என்னைத் தொட்டார்.

"போ, குட்டி. சாக்கக் கட்டிக்க."

அப்பா தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். வெயில் இன்னும் ஏறவில்லை.

அம்மா மட்டும் கையைச் சேலைக்குள் வைத்திருந்தாள். குளிர் என்று நினைத்தேன். மலைக்கு ஏறியதும் என் இடுப்பில் சாக்கைக் கட்டக் கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் சின்னச் சின்னதாக ஏதோ.

"என்னம்மா இது?"

"காப்பிக் கம்பு குத்துனது. நீ பறி."

நம்பினேன். கம்பு குத்தினால் இப்படி உருண்டையாக வருமா என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு பழத்தைத் திருகினேன். வலிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிது. அம்மா முடிச்சை இறுக்கும்போது, சும்மா, அவள் கையில் இருந்ததை எண்ணினேன்.

நான்கு.