டன்ராவல் கதவைத் திறந்தவன்

மலாக்கி சாமியார் அயர்லாந்தை விட்டு வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட இல்லை. கடல் தாண்டி ஃபிளாண்டர்ஸ் நாட்டில் ஸ்பெயின் ராஜாவுக்காகச் சண்டை போட்ட அயர்லாந்துப் படையோடு அலைந்து அங்கேயே கிழவரானார். சொந்த ஊரில் நிலத்தையும் கோயிலையும் ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்டார்கள். யார் யாருடைய மகன், எவன் எங்கே நின்று சண்டை போட்டான் என்ற நினைவு மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் சிப்பாய்களோடு சேர்ந்து குழிக்குள் போய்க்கொண்டிருந்தது. பூசை வைத்து, சிப்பாய்கள் தங்கள் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் கேட்ட நேரம் போக, அவர் அதைத்தான் சரித்திரமாக எழுதினார்.

புனித பாட்ரிக் திருநாளன்று பியர் பீப்பாயைத் திறக்கும் முன் அவர் அந்தச் சரித்திரத்திலிருந்து வாசிப்பது படையின் வழக்கம். அயர்லாந்தில் டன்ராவல் கோட்டை ஆங்கிலேயர் கையில் விழுந்த கதையைக் கேட்காமல் ஒருவனும் குடிக்க மாட்டான். கோட்டைக் கதவை உள்ளேயிருந்து எதிரிக்குத் திறந்துவிட்டவன் காவல்காரன் முர்த்தா என்று அதில் இருந்தது. அன்று அந்தக் கதவருகே இருந்து உயிர் தப்பியவன் சார்ஜெண்ட் ஃபெலிம் ஒருவன்தான். அவன் சொன்னதைச் சாமியார் அப்படியே எழுதியிருந்தார்.

முர்த்தாவின் மகன் லோர்கனும் அதே படையில் இருந்தான். அவனோடு ஒரு சட்டியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அவனைக் காவலுக்கு நிறுத்தினால், "பாத்துக்கடா, கதவைக் கண்டா இவங்க வம்சத்துக்குக் கை அரிக்கும்" என்பார்கள். வாசிப்பில் டன்ராவல் வந்ததும் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். சாமியாரிடம் மட்டும் அவ்வப்போது வந்து நிற்பான்.

"அப்பா பேரை அழிக்கச் சொல்லல சாமி. ஃபெலிம்கிட்ட இன்னொரு தடவை கேளுங்க, அவ்வளவுதான்."

கேட்கிறேன் என்று சாமியார் வாக்குக் கொடுத்தார். ஃபெலிமை உட்காரவைக்கத்தான் நேரம் வாய்க்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஃபெலிமுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. படை மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள் லீஸ்பெத் என்ற உள்ளூர்க்காரி. சாகக் கிடக்கிறவர்களிடம் சாமியார் முதலில் கதை கேட்பார், பிறகுதான் ஊதாத் துகிலைத் தோளில் போட்டுக்கொண்டு பாவசங்கீர்த்தனம் கேட்பார். இது அவளுக்குப் பிடிக்காது. மூச்சுக்குத் தவிக்கிறவனிடம் பாட்டன் பேரைக் கேட்கிறாரே என்று முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறாள். அன்று ஃபெலிமின் உதடும் நகமும் நீலம் பாய்ந்திருந்தன. அவனை நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை அடுக்கிவிட்டு அவள் சொன்னாள்.

"இன்னிக்கு உங்க சரித்திரம் வேண்டாம் சாமி. ஆத்துமாவைப் பாருங்க."

அவள் சொன்னது நியாயம். சாமியார் துகிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவள் தள்ளிப் போனாள்.

ஃபெலிம் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னான். கதவைத் திறந்தவன் அவன்தான். தடுக்க வந்த முர்த்தாவைக் குத்திக் கொன்றவனும் அவன்தான். சாமியார் பாவமன்னிப்புக் கொடுத்தார். பிறகு துகிலைக் கழற்றிவிட்டு அவன் காதருகே குனிந்து, இதே விஷயத்தைப் பாவசங்கீர்த்தனமாக இல்லாமல், லீஸ்பெத் கேட்க இன்னொரு முறை சொல்வாயா என்று கெஞ்சினார். ஃபெலிமின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அசைந்த உதட்டைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. பொழுது சாய்வதற்குள் ஃபெலிம் போய்விட்டான்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாது, அது திருச்சபையின் சட்டம். கேட்டதை வைத்து வேறு விதமாக நடந்துகொள்ளவும் கூடாது. அந்தப் பக்கத்தைக் கிழித்தாலோ, வாசிக்காமல் தாண்டினாலோ, ஃபெலிம் செத்த கையோடு சாமியார் ஏன் இப்படிச் செய்கிறார் என்று படை முழுவதற்கும் புரிந்துவிடும். எப்படி யோசித்தாலும் வழி இல்லை.

திருநாள் வந்தது. சாமியார் டன்ராவலை வாசித்தார். முர்த்தாவின் பெயரைக் குரல் தடுமாறாமல் சொன்னார். இந்த முறை லோர்கன் எழுந்து போகவில்லை. கடைசி வரி வரை கேட்டுவிட்டு, மற்றவர்கள் பீப்பாயைச் சூழ்ந்ததும் அவரிடம் வந்தான்.

"போறதுக்கு முன்னாடி ஃபெலிம் உங்ககிட்டப் பேசினாரா சாமி?"

"பாவசங்கீர்த்தனம் செஞ்சாரு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற ஒண்ணும் சொல்லல."

லோர்கன் தலையாட்டினான். "பொய் சொல்லியிருந்தா சாகும்போதாவது திருத்தச் சொல்லியிருப்பாரு. நீங்களும் திருத்தியிருப்பீங்க. இன்னிக்கும் அதையேதான வாசிச்சீங்க. அப்போ எங்கப்பாதான் திறந்திருக்காரு. கடைசிவரைக்கும் எங்கம்மா இல்லன்னே சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

இத்தனை காலம் தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு, அவன் அவர் கையை முத்தமிட்டுவிட்டுப் போனான். அதன் பிறகு யாராவது கதவைச் சொல்லிக் கேலி செய்தால் அவன் முறைப்பதில்லை. ஆமாம் என்பான்.

சாமியார் அப்புறம் எழுதவில்லை. யார் கேட்டாலும் கண் மங்கிவிட்டது என்றார். லீஸ்பெத் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து, இமையை விரித்து, இரண்டு கண்ணையும் துடைத்துப் பார்த்தாள்.

"கண்ணுல ஒரு குறையும் இல்லையே சாமி."

பதிலுக்குக் காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.